முசேவின் ஐயா

அந்த மனிதருக்குத் தன் வாழ்நாளில் உத்தரவு போட வாய்த்தது ஒரே ஒரு உயிர். அது ஒரு நாய். அதுவும் அவர் பேச்சைக் கேட்டதில்லை.

கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "கேட்டுச்சு வாத்தியாரே. கேட்டுட்டு யோசிக்குது. சொன்ன உடனே செய்யறது போலீஸ் நாயி. இது யோசிக்கிற நாயி. ரத்தம் அப்படி" என்பார்.

அந்த ரத்தத்தைப் பற்றி நான் கேட்காத நாள் இல்லை. நாய் தூங்கினால் அது ரத்தம். குழி தோண்டினால் ரத்தம். என் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு போய் ஓடைக்கரையில் புதைத்தபோது அதுவும் ரத்தம்தான். "வேட்டைப் பொருளைப் பத்திரப்படுத்துது" என்று பெருமையாகச் சொன்னார். பத்திரப்படுத்தப்பட்ட செருப்பு மழைக்காலம் முடிந்து கிடைத்தபோது அதில் காளான் முளைத்திருந்தது. மற்றொரு செருப்பை நான் கூரையில் செருகி வைத்தேன். நாய்க்குத் தாவ வராது என்ற ஒரே தைரியம்.

எழுபதுகளின் கடைசியில் நான் நெல்லிவாசல்நாட்டில் ஒரு சின்ன ஊருக்கு ஓராசிரியர் பள்ளி வாத்தியாராகப் போனேன். கணியம்பாடியில் வேளாவேளைக்குச் சோறு தின்று வளர்ந்த என்னை அரசாங்கம் பார்த்துப் பார்த்து ஜவ்வாது மலை மேல் ஏற்றியது. திருப்பத்தூரில் ஜீப் பிடித்து, ஜீப் இனி முடியாது என்று நின்ற இடத்திலிருந்து நடந்து, தலையில் டிரங்குப் பெட்டியோடு ஊர் எல்லையைத் தொட்டேன். அப்போது புதருக்குள்ளிருந்து ஒரு துடைப்பம் வெளியே வந்து என்னைப் பார்த்துக் குரைத்தது.

சற்று நின்று பார்த்தபோது அதற்குக் கண்கள் இருப்பது தெரிந்தது. புருவம், மீசை, தாடி எல்லாம் இருந்தன. வெள்ளையும் பழுப்பும் கலந்த முரட்டு மயிர். நீளமான உடம்பு. அதைச் செய்து முடிப்பதற்குள் சாமான் தீர்ந்துபோய், மிச்சத்தில் ஒப்பேற்றியதுபோல் குட்டையான நான்கு கால்கள். காதுகள் தொங்கி மண்ணைப் பெருக்கின. வால் மட்டும் நிமிர்ந்து, நுனியில் வெள்ளையாக, தான்தான் இந்த ஊருக்குத் தலைவர் என்பதுபோல் நின்றது.

"அசீ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. உட்கார் என்று அர்த்தமாம். நாய் உட்காராமல், நான் கீழே இறக்கி வைத்த பெட்டியை முகர்ந்தது. "ஓ பியே!" என்றது குரல். காலடிக்கு வா என்று அர்த்தமாம். நாய் காட்டுக்குள் போய்விட்டது. பிறகு குரலுக்கு உரியவர் வெளியே வந்தார். ஒல்லியாக, உயரமாக, காக்கி அரைக்கால் சட்டையும் மேலே கிழிந்த கம்பளிச் சட்டையுமாக. என்னை வரவேற்கவில்லை. "பெட்டியில கருவாடு வெச்சிருக்கீங்களா?" என்றார். என் அம்மா வைத்திருந்தார். "பாத்தீங்களா, மூக்கு!" என்றார். அந்தக் கருவாட்டு நாற்றத்துக்கு ஜீப்பில் என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

நாயின் பெயர் முசே. பாண்டிச்சேரியில் துரைமாரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அதன் இனப் பெயர் பாசே கிரிஃபோன் என்று ஆரம்பிக்கும். அவர் முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் நாய் கண்ணுக்குத் தெரியாத தூரம் போயிருக்கும். அவருடைய சொந்தப் பெயரை ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. நாய் முசே, ஆகவே அவர் முசே ஐயா. நாயின் பெயரால் அறியப்பட்ட ஒரே மனிதரை நான் அங்கேதான் பார்த்தேன். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பென்ஷன் வருகிறது. அவர் சொன்ன எல்லாக் கதைகளிலும் இந்த இரண்டு மட்டும் மாறாமல் இருக்கும். மற்றதெல்லாம் நாளுக்கு ஒன்று. ஒரு நாள் சைகோன் பக்கத்துக் காட்டில் தனி ஆளாகக் காவல் நின்றவர். இன்னொரு நாள் அதே பட்டாளத்தின் சமையல் கூடாரத்தில் வெங்காயம் உரித்தவர். வெங்காயக் கதையைச் சொல்லும்போதுதான் கண் கலங்கினார். அதனால் நான் அதையே நம்பினேன்.

நாய் வந்த கதையும் அப்படித்தான். ஒரு பிரெஞ்சு அதிகாரி சாகும் தறுவாயில் இவர் கையைப் பிடித்து ஒப்படைத்தார் என்பது முதல் பதிப்பு. பிறகு அந்த அதிகாரி சாகவில்லை, சொந்த ஊருக்குப் போனார் என்று ஆனது. அப்புறம் அவர் அதிகாரியே இல்லை, பாட்டு வாத்தியார். கடைசியில் தெரிந்தது இதுதான். பாட்டு வாத்தியார் வீட்டைக் காலி செய்தபோது பிரம்பு நாற்காலி, கொசுவலை, பூந்தொட்டிகளோடு நாயையும் விட்டுப் போனார். தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த இவர் தலையில் அது விழுந்தது. நாற்காலியை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். நாயை ஒருவரும் தூக்கவில்லை.

பாண்டிச்சேரி வெயில் இந்த ரத்தத்துக்கு ஆகாது என்பதால்தான் மலைக்கு வந்தேன் என்பார். அவர் படுத்துக்கொண்டிருந்த அறை அண்ணன் மகன்களுக்குத் தேவைப்பட்டது என்பதையும் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லியிருக்கிறார். திருப்பத்தூர் சந்தையில் புளி விற்க வந்த ஒரு மலைக்காரரிடம் குளிர்ந்த இடம் கேட்டாராம். அந்த மனிதர் நாயைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நம்ப கொல்லை ஓரமா ஒரு கொட்டாய் போட்டுக்கினு இருங்க" என்று அழைத்து வந்துவிட்டார். வாய் வார்த்தைதான். அந்த வார்த்தையின் மேல்தான் அவர் குடிசை நின்றது.

நாய்க்கு அவர் செய்த பணிவிடையைப் பார்த்தால், மறுபிறவியில் நாயாகப் பிறந்தாலும் பரவாயில்லை என்று தோன்றும். வாரம் தவறாமல் காது பார்ப்பது. தொங்கும் காதுக்குள் காற்றுப் போகாது, சீழ் வைக்கும் என்று, விரலில் துணி சுற்றி வேப்பெண்ணெய் தொட்டுத் துடைப்பார். துடைத்த துணியை முகர்ந்து பார்ப்பார். எங்களையும் முகரச் சொல்வார். பிறகு நகம் வெட்டுவது. பிறகு மயிர். அந்த மயிரைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாதாம், வெட்டினால் பஞ்சாகிவிடுமாம். உதிரத் தயாரான மயிரை மட்டும் இரண்டு விரலால் பார்த்துப் பார்த்துப் பிடுங்க வேண்டுமாம். நாய் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். அவருடைய தலைமுடி சடையாகிப் பின்கழுத்தில் தொங்கும்.

நாய் காட்டிலிருந்து வந்தால் அதன் உள்ளங்கால் நான்கையும் விரித்து ஒட்டுப்புல் தேடுவார், காதுக்குப் பின்னால் உண்ணி தேடுவார். மேட்டிலிருந்து அது குதிக்கக் கூடாது. நீள முதுகு, தண்டுவடம் விட்டுப்போகும். ஒரு கை நெஞ்சுக்கு, ஒரு கை பின்பக்கத்துக்குக் கொடுத்து, பிரசவித்தவளைத் தூக்குவதுபோல் தூக்கி இறக்குவார். அவருடைய இடது முழங்கால் வீங்கிக் கிடந்தது. அதற்கு எண்ணெய் போட்டு நான் பார்த்ததில்லை.

ஒருமுறை, அயல்நாடு பார்த்தவர் ஆயிற்றே என்று, பள்ளிப் பிள்ளைகளுக்கு நாலு நல்ல விஷயம் சொல்லக் கூப்பிட்டேன். வந்தார். கப்பல் பற்றிச் சொல்வார், கடல் பற்றிச் சொல்வார் என்று நான் சாய்ந்து உட்கார்ந்தேன். மணி அடிக்கும் வரை நாயின் காதைப் பற்றிச் சொன்னார். அந்தப் பிள்ளைகளுக்கு இந்தியாவின் தலைநகரம் தெரியாது. ஆனால் எந்த வீட்டு நாய் தலையை ஆட்டினாலும் காதைத் தூக்கி முகர்ந்துவிட்டு, "சீழு வெச்சிருக்குது சார்" என்பார்கள். என் காலத்தில் அந்தப் பள்ளியில் நடந்த உருப்படியான படிப்பு அதுதான்.

சாப்பாட்டில் அவர் கறார். இந்த ஜாதி கொடுத்தால் கொடுத்த வரைக்கும் தின்னும், கொழுத்தால் முதுகு போய்விடும் என்பார். வேளைக்கு ஒரு சின்னக் களி உருண்டை, உப்பில்லாமல். தின்று முடித்ததும் விலாவைத் தடவிப் பார்ப்பார். மயிருக்குள் விரல் விட்டால் எலும்பு தட்டுப்பட வேண்டும். மலைக்கு வந்தபோது தட்டுப்பட்டதாம். நாளாக நாளாகத் தட்டுப்படவில்லை. உருண்டையைச் சிறிதாக்கினார். நாய் இன்னும் கொழுத்தது. பாதியாக்கினார். வயிறு தரையைத் தொட்டது. "குளிருக்குச் சேத்து வைக்குது. ரத்தம் அப்படி" என்றார்.

ரத்தம் ஒன்றும் சேர்த்து வைக்கவில்லை. காலையில் அவர் சுள்ளி பொறுக்கக் கிளம்பியதும் முசே ஊருக்குள் கிளம்பும். முதல் வீட்டில் சாமைச் சோறு, அடுத்த வீட்டில் கூழ், ஊர்த் தலைவரான கவுண்டர் வீட்டில் கருவாட்டுத் தலை. வாசலில் போய் நின்று, அந்தப் புருவத்தைத் தூக்கி, ஒரு வாரமாகப் பட்டினி என்று ஒரு பார்வை பார்க்கும். பெண்கள் உருகிப் போவார்கள். ஊர்க் கவுண்டரின் மனைவி, கணவருக்கு இரண்டாம் முறை கூழ் ஊற்ற யோசிக்கிறவர், இந்த நாய்க்குச் சட்டியையே வழித்து வைப்பார். கடைசியாகப் பள்ளிக்கூடம். என்னிடமும் அதே பார்வை. ஐயாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதில் அந்த ஊர் காட்டிய ஒற்றுமையை நான் வேறு எதிலும் பார்க்கவில்லை.

ஊரில் எல்லோருக்கும் பிரியம் நாயின் மேல். அவர் மேல் இல்லை. அவரைப் பற்றி யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எண்ணமே கிடையாது.

முதல் தகராறு பாரி வேட்டையில் வந்தது. பொங்கல் முடிந்ததும் ஊர் ஆண்கள் கூடிக் காட்டுக்குள் போவது வழக்கம். கூடாது என்று சட்டம் ஏற்கெனவே வந்திருந்தது. ஆனால் சட்டம் ஜீப்பில் வருகிறது. ஜீப் வராத ஊருக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. அடித்து வருவது பெரும்பாலும் ஒரு முயல், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. அதை ஊரிலுள்ள அத்தனை வீட்டுக்கும் பங்கு போடுவார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு விரல் நுனிக் கறி வந்தால் பெரிய விஷயம். ஆனால் கறிக்காக யாரும் வாங்குவதில்லை. பங்கு வாங்குகிற வீடுதான் அந்த ஊரில் வீடு. அதை ஊர் சம்மதமில்லாமல் யாரும் கிளப்ப முடியாது. பங்கு இல்லாதவர் எத்தனை காலம் இருந்தாலும் விருந்தாளி. நானும் விருந்தாளிதான், சம்பளம் வாங்கும் விருந்தாளி.

நான் போன முதல் பொங்கலுக்கு முசே ஐயா நாயைக் கூட்டிக்கொண்டு வேட்டைக்கு வந்து நின்றார். வேட்டை நாய் வேட்டைக்கு வராமல் என்ன செய்யும் என்றார். சரி என்றார்கள்.

அந்த மலை நாய்கள் வாயைத் திறக்காமல் ஓடும். கண்ணால் பார்த்து விரட்டும். ஒரு நாய் குரைத்தால் ஒரே அர்த்தம்தான். மிருகம் மடங்கிவிட்டது, தடியோடு வாங்க. பிறந்ததிலிருந்து அந்த ஊர்க்காரர்களின் கால் அந்தக் குரைப்புக்குப் பழகியது. முசேவின் ரத்தத்தில் வேறு ஏற்பாடு. அதற்கு மண்ணில் வாசம் பட்டாலே குரல் வரும். முயல் காலையில் போன தடத்துக்கும் குரைக்கும், நேற்றுப் போன தடத்துக்கும் கொஞ்சம் குரைக்கும். அன்று அது குரைத்த இடத்துக்கெல்லாம் ஊரே தடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வளைத்தது. வளைத்துப் பார்த்தால் நடுவில் முசே மூக்கை மண்ணில் வைத்துக்கொண்டு நிற்கும். வேறொன்றும் இருக்காது. மூச்சு வாங்கிவிட்டு நகர்வதற்குள் அடுத்த மேட்டில் குரைப்பு. மறுபடி ஓட்டம். பொழுது சாயும்போது காட்டில் ஒரு முயலும் இல்லை, ஊரில் நிற்கத் தெம்புள்ள ஒரு ஆணும் இல்லை.

"ஏங்க, உங்க நாயி இன்னாத்தப் பாத்துக் குலைக்குது?" என்று கவுண்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பாத்து இல்லீங்க, மோந்து" என்றார் இவர். "குரலைக் கேட்டுக்கினே பின்னால நடந்து வர்றதுக்குன்னு வளத்த ஜாதி இது. அதான் காலு குட்டை. ஆளு நடக்கற வேகம்தான் போவும்."

"அத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"கூப்பிட்டுப் பாத்தேன். மூக்கு வேலை செய்யறப்ப அதுக்குக் காது வேலை செய்யாது. ரத்தம் அப்..."

"யோவ், இட்டுக்கினு போயிடுங்க" என்றார் கவுண்டர்.

அந்த வருடம் பங்கு போட ஒன்றும் இல்லை. ஊரில் பல நாள் அவரோடு யாரும் பேசவில்லை. நாய்க்குச் சாப்பாடு மட்டும் வழக்கம்போல் எல்லா வீட்டிலும் நடந்தது.

மழைக்காலத்தில் அவருக்கு இடம் கொடுத்த அந்த மலைக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். காரியம் முடிந்ததும் அவர் மகன் வந்து குடிசை வாசலில் நின்றான். கெட்டவன் இல்லை. புதிதாகக் கல்யாணம் ஆனவன், தம்பிகள் இரண்டு பேர், கையகல நிலம். "அப்பன் சொன்னாரு, இருந்தீங்க. அப்பன் போய்ட்டாரு. அந்த எடத்துல நான் சாமை வெதைக்கணும். வேற எங்கனா பாத்துக்குங்க" என்றான். முசே ஐயா கவுண்டரிடம் போனார். பொங்கல் கழித்து ஊர் கூடும்போது முடிவு சொல்கிறேன் என்றார் அவர். முடிவு என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். பங்கில்லாத ஆளுக்காக ஊர் ஏன் ஒரு பங்காளியைப் பகைத்துக்கொள்ளும்?

அன்று சாயங்காலம் முசே ஐயா பள்ளிக்கு வந்தார். ரத்தம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாயை மடியில் போட்டு அதன் தாடியில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துக்கொண்டே இருந்தார்.

"நான் எங்க வாத்தியாரே போறது?" என்றார். "அண்ணன் பசங்க என்னை வேணா உள்ள வுடுவானுங்க, இத வுட மாட்டானுங்க. இத எங்க வுட்டுட்டுப் போறது? ஏற்கெனவே ஒருத்தன் வுட்டுட்டுப் போன நாயி இது."

அதுவரை அவரைக் கிண்டல் செய்வதையே பொழுதுபோக்காக வைத்திருந்தவன் நான். எனக்கு அவர் மேல் பிரியம் இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. டீ போட்டுக் கொடுத்தேன். பாலில்லாத டீ. குடித்துவிட்டு எழுந்தவர் வாசலில் நின்று, "வேட்டைக்குப் போற நாய்க்கும் ஒரு பங்கு உண்டுன்னு சொல்றாங்களே, நெஜமா?" என்றார்.

நிஜம்தான். அந்த ஊரில் வேட்டையில் சேர்ந்த நாய்க்குத் தனிப் பங்கு உண்டு. அந்த நாய் எந்த வீட்டில் தின்கிறதோ அந்த வீட்டுக்கு அந்தப் பங்கு போகும். அவருக்கு முயலை விரட்டக் கால் இல்லை. நாய்க்கும் அந்தக் குறை இருந்தது. ஆனாலும் நாயின் பங்கு குடிசைக்கு வந்தால் குடிசை வீடாகிவிடும். அது ஒன்றுதான் வழி.

கவுண்டரிடம் எப்படிக் கெஞ்சினாரோ தெரியாது. "இந்த ஒரு வாட்டிதான். கெடுத்துச்சுன்னா அப்பால அந்த நாயிப் பேச்சும் கூடாது, உங்க பேச்சும் கூடாது" என்று கவுண்டர் ஒப்புக்கொண்டார்.

அடுத்த பொங்கல் கழிந்து, காலைப் பனி விலகுமுன் ஊர் காட்டோரம் கூடியது. முசே ஐயா ஒரு கல்லின் மேல் ஏறி நின்று வியூகம் சொன்னார். "யாரும் நாயோட ஓடாதீங்க. அது குரலைக் கேட்டுக்கினு இங்கயே நில்லுங்க. முயல் கெளம்புன எடத்துக்கே சுத்திக்கினு வரும். மெதுவா விரட்டுனா அது தூரம் போவாது." ஆண்கள் தலையாட்டினார்கள். புதரில் வாசம் பிடித்ததும் முசே குரலெடுத்தது. அவ்வளவுதான். பழகிய கால்கள், யார் சொன்னால் நிற்கும்? கவுண்டர் உட்பட அத்தனை பேரும், அத்தனை நாய்களும், குரைப்பு வந்த திசைக்குத் தடியோடு ஓடினார்கள்.

மிஞ்சியது முசே ஐயா, நான், கூழ்ப் பானையோடு வந்த பெண்கள், இனி ஓடுவதில்லை என்று முடிவு செய்துவிட்ட கவுண்டர் வீட்டுக் கிழட்டு நாய். முசேவின் குரல் வலப் பக்கம் போனது, மேலே ஏறியது, வெகுநேரம் கேட்கவே இல்லை. மறுபடி இடப் பக்கத்திலிருந்து கேட்டது. அவர் முகம் மலர்ந்தது. "திரும்புது!" என்றார். தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு புதர் வாயில் போய் நின்றார்.

முயல் வந்தது. சத்தியமாக வந்தது. அவர் சொன்ன அதே இடத்துக்கு, அவசரமே இல்லாமல், அடிக்கடி பின்னால் காது கொடுத்துக்கொண்டு வந்தது. அவர் தடியை ஓங்கினார். ஓங்கியவர் அடிக்கவில்லை. "அசீ!" என்று கத்தினார். முயலும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அவருடைய இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து வெளியே வந்தது. அவர் பொத்தென்று உட்கார்ந்தார். கிழட்டு நாய் படுத்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி ஒரு கவ்வு கவ்வியது.

ஆண்கள் மூச்சிரைக்க ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எல்லோருக்கும் பின்னால், முயல் போன வழியில் ஒரு அடி விடாமல், மற்ற நாய்கள் ஒதுங்கிப்போன சூரைமுள் புதரையும் துளைத்துக்கொண்டு, மூக்கு மண்ணை விட்டு எழாமல், குரைத்துக்கொண்டே முசே வந்தது. காதிலெல்லாம் ரத்தம். செத்துக் கிடந்த முயல் வரை வந்து, அதை முகர்ந்து, ஒரு குரல் கொடுத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது. எழுந்திரு என்று அவர் சொன்னார். எழவில்லை.

கவுண்டர் நெடுநேரம் பார்த்தார். "குலைச்சிக்கினே சுத்தி இட்டாந்துச்சு. இல்லன்னு சொல்ல முடியாது. நாயிக்குப் பங்கு உண்டு" என்றார். முசே ஐயா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இது எந்த வூட்டுல துன்ற நாயி?" என்று கவுண்டர் முறைப்படி கேட்டார்.

"எங்க வூட்ல" என்றார் முசே ஐயா.

"எங்க வூட்டுலயுந்தான். தெனம் சாமைச் சோறு போடறேன்" என்றாள் ஒருத்தி, பங்கு என்றதும் உஷாராகி. "எங்க வூட்டுக் கூழு குடிக்காம அது போவுமா?" என்றாள் இன்னொருத்தி. "கருவாடு போடறது யாரு?" என்றார் கவுண்டரின் மனைவி. கணவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். இத்தனை நாள் காப்பாற்றிய ரகசியத்தை ஊர் ஒரே மூச்சில் போட்டு உடைத்தது. எல்லா வீடும் முடிந்து கடைசியில், "சாரும் போடுவாரு" என்றது ஒரு குரல்.

முசே ஐயா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னையும் பார்த்தார். பிறகு குனிந்து நாயின் விலாவில் விரலை விட்டுத் தடவினார்.

"அப்ப இது ஊரு நாயி" என்றார் கவுண்டர். "பங்கும் ஊருக்குத்தான். எல்லார் பங்குலயும் சேந்துடும்."

நிலத்துக்காரப் பையன் பெருமூச்சு விட்டான். முசே ஐயா நாயைத் தூக்கிக்கொள்ள ஒரு கையை நெஞ்சுக்கும் ஒரு கையைப் பின்பக்கத்துக்கும் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசலாம் என்று வாயெடுத்தேன், விருந்தாளி என்பது ஞாபகம் வந்தது.

"நில்லுங்க" என்றார் கவுண்டரின் மனைவி. "துன்றது எல்லா வூட்டுலயும். சரி. அதுக்குக் காது தொடைக்கறது யாரு? முள்ளு எடுக்கறது யாரு? நீ எடுக்கறியாடி?" கணவரிடம் திரும்பினார். "கோயில் காளைக்குப் புல்லு புடுங்கிப் போடறவனுக்குப் பங்கு குடுக்கறமா இல்லியா?"

"குடுக்கறோம்."

"ஊரு காளைக்கு ஒரு ஆளுன்னா, ஊரு நாயிக்கு ஒரு ஆளு வேணாமா?"

கவுண்டர் தாடையைச் சொறிந்தார். பையனைப் பார்த்தார். "இன்னாடா?" என்றார். பையன் மண்ணைப் பார்த்தான். "ஊரு சொன்னா சரி. மேல் கொல்லையில வெதைச்சிக்கிறேன்" என்றான்.

பங்கு போட்டார்கள். தேக்கிலையில் வீட்டுக்கு ஒரு துணுக்கு. வீடு வீடாகக் கூப்பிட்டுக் கடைசியில், "நாயி பாக்கறவரு" என்று கூப்பிட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தின் பென்ஷன்காரர் இரண்டு கையையும் நீட்டி, முதுகு வளைந்து, அந்த இலையை வாங்கினார். வாங்கிக்கொண்டு திரும்பினார். பக்கத்துக் கல்லின் மேல் அவர் தூக்கி வைத்திருந்த முசே எட்டி ஒரே கவ்வில் கறியை விழுங்கியது. கையில் இலை மட்டும் நின்றது.

ஊரே சிரித்தது. அவர் மட்டும் திகைத்துப்போய், யாராவது திரும்பப் பிடுங்கிக்கொள்வார்களோ என்பதுபோல் வெறும் இலையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"வுட்டுத் தள்ளுங்க" என்றார் கவுண்டரின் மனைவி, கூழ்ப் பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டே. "அடுத்த வருசம் கெட்டியா புடிச்சுக்கினா போவுது."

முசே ஐயா அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்து, இலையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.